பேக்கரி மாடியில் ஒரு கோச்சிங் சென்டர்

அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதி அலுத்துப்போன என் மச்சினன், இனி மற்றவர்களை எழுத வைப்பது என்று 2019-இல் முடிவெடுத்தான். பேக்கரி மாடியில் குரூப் 4 கோச்சிங் சென்டர்.

"மைண்ட்செட்தான் அத்தான் முக்கியம், மத்ததெல்லாம் தானா வரும்" என்றான். அதற்காக ஆன்லைனில் ஒரு லைஃப் கோச்சுக்குப் பணமும் கட்டியிருந்தான். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, "நான் வெற்றியாளன்" என்று உரக்கச் சொல்ல வேண்டுமாம். "வெற்றியாளரே, பால் பொங்குது பாரு" என்பாள் அவன் அக்கா.

அடுத்தது பிளெக்ஸ். மே மாத வெயிலில், இரவல் கோட்டு போட்டுக் கைகட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். கோச்சிங் சென்டர்காரர்கள் எல்லாரும் ஏன் கைகட்டியே நிற்கிறார்கள்? மாணவர்கள்தானே கட்ட வேண்டும்!

குரூப் 4-இல் 200 கேள்வி. அதில் 100 தமிழ். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், அதுவும் சம்பளம் கேட்க முடியாத உறவில், வீட்டிலேயே இருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அறிவிப்பு வந்ததும் மாடி நிறைந்தது. செப்டம்பரில் தேர்வு முடிந்ததும் காலியானது. பிறகு கொரோனா. அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலையில். அதுவரை தவறாமல் வந்தது வாடகை நாள் மட்டும்தான். லைஃப் கோச் போனை எடுக்கவில்லை.

கடையைக் கட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். பிளெக்ஸ் கட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை, போகட்டும். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்காக ராத்திரி ஒன்பதரைக்குப் போனில் பாடம் எடுத்தான்.

இப்போது விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: 'விடை தெரியவில்லை'. மாணவர் கேட்பது தெரியாவிட்டால், "அஞ்சாவது வட்டம்மா, நாளைக்குச் சொல்றேன்" என்கிறான். சொல்லியும் விடுகிறான். கண்ணாடியோடு பேசுவதை எப்போது நிறுத்தினான் என்று யாரும் கவனிக்கவில்லை.

புதிதாகக் கோச்சிங் தொடங்குகிறவர்களே, கோட்டு தைக்கும் முன் ஒரு வருஷ வாடகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிடாதீர்கள். எனக்கு ஒரு மச்சினனே போதும்.