ஐந்தாவதாக வந்த ரூத்

1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியானது. அதுவரை ஊமையாக இருந்த சினிமா பேச ஆரம்பித்தது. ஐந்தே நாளில், ஊருக்கு வெளியே ரூஸ்வெல்ட் ஃபீல்டு விமானத் திடலிலிருந்து ரூத் எல்டர் என்ற இளம்பெண் பாரிஸை நோக்கிக் கிளம்பினார். பேசும் படம் வந்துவிட்ட பிறகு ஊமைப்பட நாயகியாகப் போகிறோம் என்பது அப்போது அவருக்கே தெரியாது.

ரூத், அலபாமா மாநிலத்து ஆனிஸ்டன்காரர். பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். ஃபுளோரிடாவில் ஜார்ஜ் ஹால்ட்மனிடம் விமானம் ஓட்டப் பழகி, அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார். விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைப் பறந்து தாண்டி ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. எந்தப் பெண்ணும் அதுவரை அந்தக் கடலை விமானத்தில் கடந்ததில்லை. ‘அமெரிக்கன் கேர்ள்’ என்று பெயரிட்ட ஸ்டின்சன் விமானம் ஒன்றரை நாள் பறந்தது. அசோர்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே வந்தபோது எஞ்சினில் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது. நல்லவேளை, கீழே பாரென்ட்ரெக்ட் என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே கடலில் இறக்கினார்கள். இருவரும் பிழைத்தார்கள், விமானம் தீப்பற்றி அழிந்தது.

கரை சேராத அந்தப் பயணம்தான் அவரைக் கொண்டாட வைத்தது. நியூயார்க் வீதியில் காகித மழை, வெள்ளை மாளிகையில் விருந்து, மேடை நிகழ்ச்சிகளுக்குப் பெரிய ஒப்பந்தம். அடுத்து ஹாலிவுட்: 1928இல் ரிச்சர்ட் டிக்ஸுடன் ‘மோரன் ஆஃப் தி மரீன்ஸ்’, மறு ஆண்டு ஹூட் கிப்சனுடன் ‘தி விங்டு ஹார்ஸ்மேன்’. முதல் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. அவர் தலையில் கட்டியிருந்த ரிப்பனைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. வீட்டோடு இருந்திருக்கலாமே என்று கடிந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுடுகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊருக்கு மேலே விமானம் போனால் பையன்கள் கையை விரித்துக்கொண்டு, தாங்களே பைலட் என்று தெருக்கோடிவரை ஓடுவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் திண்ணையில் நின்று டாட்டா காட்டுவோம். நாங்களும் ஓடலாம் என்று யாரும் சொன்னதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை. சமீபத்தில் மதுரை விமானத்தில் கேப்டனின் குரல் ஒலித்தது, பெண் குரல். பக்கத்தில் இருந்த என் அண்ணன் மகள் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அவளுக்கு அதில் வியக்க எதுவுமில்லை என்பது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. இந்தியாவில் இன்று நூறு விமானிகளில் ஏறக்குறைய பதினைந்து பேர் பெண்கள். உலக அளவில் அது ஐந்தை ஒட்டித்தான் நிற்கிறது.

ரூத்தின் கதையில் நான் பெரிதாக நினைப்பது 1929 ஆகஸ்டைத்தான். சான்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லாந்து வரை பெண்களுக்கான முதல் நெடுந்தூர விமானப் போட்டி. ஒவ்வொரு பெண்ணும் கூடவே ஓர் ஆண் மெக்கானிக்கை அழைத்து வரட்டும் என்று ஒரு யோசனை கிளம்பியது. விமானிகள் ஒன்றாக எதிர்த்து நின்று அதை முறியடித்தார்கள். சுமார் 20 பேர் தனித்தனியாகப் பறந்தார்கள். அவர்களில் மார்வல் கிராஸன் என்பவர் வழியிலேயே விழுந்து இறந்தார். போட்டியை நிறுத்தச் சொல்லிக் குரல்கள் எழுந்தும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. ரூத்தின் வரைபடம் காற்றில் பறந்துபோயிற்று. வழி கேட்க ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார், மாடுகள் சூழ்ந்துகொண்டன. அங்கிருந்து மறுபடி எழும்பி, கிளீவ்லாந்தை அடைந்து, பெரிய விமானங்களின் பிரிவில் ஐந்தாம் இடம் பெற்றார். லூயிஸ் தேடனுக்கு முதலிடம், அமீலியா ஏர்ஹார்ட்டுக்கு மூன்றாமிடம்.

ஹால்ட்மன் இல்லாமல், கப்பல் இல்லாமல், தானே ஓட்டி முடித்த பயணம் அது. அதற்கு யாரும் காகிதம் தூவவில்லை. 1977இல் அவர் இறந்த பிறகும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ரிப்பனையும் ஆறு கல்யாணங்களையும்தான் எண்ணுகிறார்கள்.

போட்டி முடிந்த சில மாதங்களில் ‘நைன்ட்டி நைன்ஸ்’ என்ற பெண் விமானிகள் சங்கம் உருவானது. தொடக்க உறுப்பினர் 99 பேரில் ரூத்தும் ஒருவர். அதற்கு இந்தியாவிலும் கிளை உண்டு. அதில் சேர்கிற பெண்கள் ரூத் எல்டரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. கடலில் விழுந்த அழகியாக அல்ல, கிளீவ்லாந்துக்கு ஐந்தாவதாக வந்த விமானியாக.