கழுத்தியல்: மே முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஆக்ஸ்ஃபோர்டு நகரம் அண்ணாந்து பார்ப்பது பற்றிய ஓர் ஆராய்ச்சி

மனிதக் கழுத்தைப் பற்றி மருத்துவம் நிறைய எழுதி வைத்திருக்கிறது. அதன் ஏழு எலும்புகள், தேய்மானம், பட்டை மாட்ட வேண்டிய நாள் கணக்கு எல்லாம் பாடநூல்களில் உண்டு. ஒரு நகரத்துக் கழுத்துகள் எல்லாம் ஆண்டில் ஒரு காலையில், ஒரே நேரத்தில், ஒரே கோபுரத்தை நோக்கிப் பின்னால் மடங்குவதைப் பற்றித்தான் அறிஞர் உலகம் மூச்சு விடவில்லை. அக்குறை தீர்க்கவே இந்நூல் எழுந்தது என்க.

களம், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு; 1096 வாக்கிலேயே பாடம் நடந்ததற்குச் சான்று காட்டும் ஊர். காலம், மே 1. இடம், ஹை ஸ்ட்ரீட் கிழக்கே ஓடி சார்வெல் ஆற்றுப் பாலத்தில் ஏறும் முனை. அங்கே 1458இல் நிறுவப்பட்ட மாட்லின் கல்லூரியின் மணிக்கோபுரம் நிற்கிறது. உயரம் 44 மீட்டர். 1492இல் கட்டத் தொடங்கி 1509இல் முடித்தார்கள். விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒரு வாக்கியம் இல்லாமல் தீராது.

நிகழ்வு இது. மணி ஆறு அடித்ததும் கோபுர உச்சியில் கல்லூரிப் பாடகர் குழு, சிறுவர்களும் இளைஞர்களுமாக, ஒரு லத்தீன் துதிப்பாடலைப் பாடும். தொடர்ந்து ஒரு வேண்டுதல், பிறகு வசந்தத்தைக் கொண்டாடும் பல்குரல் பாட்டு. அதன்பின் கோபுரத்தின் பத்து மணிகளும் இருபது நிமிடம் போல முழங்கும். கீழே தெருவிலும் பாலத்திலும் பல்லாயிரம் பேர். மணியோசை ஓய்வதற்குள்ளேயே தெருக்களில் ஆட்டம் தொடங்கிவிடும். ரேட்கிளிஃப் சதுக்கம், பிராட் ஸ்ட்ரீட் எங்கும் மேளம், அக்கார்டியன், பாட்டு. மதுக்கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் வழக்கத்துக்கு முன்பே கதவு திறக்கும்.

இனி இலக்கணம்.

காணாது காண்டலும் கேளாது கேட்டலும்
அண்ணாத்தல் என்ப அறிந்திசி னோரே.

இந்நூற்பா இக்கட்டுரையாளர் தாமே செய்துகொண்டது. நூற்பா இல்லாவிட்டால் உரை எழுத வழியில்லை.

‘காணாது காண்டல்’ என்றது என்னையெனின்: பாடுவோர் கோபுரத்துக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நிற்கிறார்கள். கீழே நிற்பவருக்குத் தெரிவது சுவர், அதன் முனைக் கூம்புகள், அவற்றுக்கு மேல் வானம். இருந்தும் எல்லாரும் பாடகரைப் பார்ப்பதாகவே எண்ணிப் பார்க்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் வீடியோக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டே அட்சதை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உச்சியில் உண்மையாகவே என்ன நடக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர் ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட். 1888இல் விடியற்காலங்களில் கோபுரம் ஏறி வானத்தின் நிறத்தைப் பிடித்து வந்து, 1890இல் படத்தை முடித்தார். வெள்ளை அங்கிச் சிறுவர்கள், தரையில் சிதறிய மலர்கள், இளஞ்சிவப்பு வானம். ஓரத்தில், கதிரவனை வணங்கும் ஒரு பார்சி! ஆங்கிலக் கல்லூரி மாடியில் பார்சிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், இந்த மே காலைப் பாட்டே ஞாயிறு போற்றும் சடங்கின் எச்சம் என ஹன்ட் கருதியதை மறந்தவர்கள். இளங்கோவடிகளைப் படித்த தமிழர் எவரும் அக்கேள்வியைக் கேட்கப் போவதில்லை. படம் இப்போது போர்ட் சன்லைட் ஊரின் லேடி லீவர் கலைக்கூடத்தில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: தெருவில் கழுத்து நோக நின்ற கூட்டம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

‘கேளாது கேட்டல்’ சற்று நுட்பமானது. பாட்டு லத்தீன். கேட்போரில் பெரும்பாலோர்க்கு அதன் பொருள் தெரியாது. ஒலிபெருக்கி வருவதற்கு முன், 44 மீட்டர் உயரத்திலிருந்து பாடியது காற்று போன போக்கில்தான் போயிருக்கும். ஒலிபெருக்கி வந்தபின் சிக்கல் இன்னும் வளர்ந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மின்கம்பியில் செல்லும் குறிப்புக்கு நேரமே ஆகாது. ஆகவே கோபுர அடியில் நிற்பவர் பக்கத்துப் பெட்டியின் பாட்டை முதலில் கேட்பார். சிறுவர் தொண்டையிலிருந்து புறப்பட்ட பாட்டு நொடியில் எட்டில் ஒரு பங்கு தாமதித்து வந்து சேரும். 170 மீட்டர் தள்ளிப் பாலத்தில் நிற்பவருக்குத் தாமதம் அரை நொடி. நகல் முந்தி, மூலம் பிந்தி. சுவடிப் பதிப்பாசிரியர்கள் இந்த நிலைமையை நன்கு அறிவார்கள்.

பாடலுக்கு இசை அமைத்தவர் பெஞ்சமின் ராஜர்ஸ். பதினேழாம் நூற்றாண்டில் இக்கல்லூரியின் ஆர்கன் வாசிப்பாளராக இருந்தவர். பிற்பாடு அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர்மீது சொல்லப்பட்ட புகார்களில் ஒன்று, ஆர்கன் மேடையில் உரக்கப் பேசித் தொல்லை தந்தது. எட்டாத உயரத்திலிருந்து கேட்காமல் போகும் ஒரு பாட்டை அப்படிப்பட்டவர் உலகுக்கு விட்டுச் சென்றிருப்பதை ஊழ்வினை என்பதா, கல்லூரி நிர்வாகத்தின் பழிவாங்கல் என்பதா என்று இரு கட்சி உண்டு.

பொழுதுக்கு வருவோம். ஐந்நூறு ஆண்டு மரபு என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். மரபு என்றால் மாறாதது என்பது கையேடு எழுதுவோர் கொள்கை; இந்த மரபோ மணியையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஊர் வரலாற்றாளர் அந்தோணி வுட், பாடகர்கள் அதிகாலை நான்கு மணிக்குப் பூந்தெய்வத்தை வாழ்த்திப் பாடுவதாகக் குறித்திருக்கிறார். பக்திப் பாட்டே கிடையாது, உலகியல் கச்சேரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜான் பிளாக்ஸம் என்ற கல்லூரி அறிஞர் வெள்ளை அங்கியும் துதிப்பாடலுமாக அதைச் சீர் செய்தார். அப்போது மணி ஐந்து. இன்று ஆறு.

இந்த நாலு, ஐந்து, ஆறு என்ற ஏற்றத்தைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. வுட் காலத்தில் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அன்றைய மே 1 இன்றைய கணக்கில் மே 11. கடிகாரமும் உள்ளூர்ச் சூரியனைப் பார்த்து வைத்தது. அந்தக் கணக்கில் அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஞாயிறு எழும் நேரம் நாலே கால் வாக்கில். ஆக, நாலு மணிப் பாட்டு உதயத்துக்கு முந்தியது. 1752இல் நாட்காட்டி மாறி விழா பதினொரு நாள் முன்னுக்கு வந்தது, சூரியன் பிந்தினான். 1916இல் கோடைக்காலக் கடிகாரம் வந்து எல்லாரையும் ஒரு மணி நேரம் தள்ளியது. இன்றைய கடிகாரப்படி மே 1 அன்று ஞாயிறு தோன்றுவது 5.35 வாக்கில். பாட்டு தொடங்குவது ஆறு மணிக்கு. ஞாயிற்றை வரவேற்கக் கோபுரம் ஏறியவர்களை ஞாயிறு இருபத்தைந்து நிமிடம் முன்பே வந்து காத்திருந்து வரவேற்கிறது. ஹன்ட் வரைந்த பார்சிக்கு இது மட்டும் தெரிந்தால் மனம் உடைந்துபோவார்.

இந்த ஊருக்கு நேரத்தோடு ஒரு பழைய வழக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கிரீனிச்சுக்கு மேற்கே இருப்பதால் ஆக்ஸ்ஃபோர்டின் சொந்த நேரம் ஐந்து நிமிடம் பின்தங்கியது. நாடெல்லாம் ஒரே நேரத்துக்கு மாறிய பிறகும் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெரிய மணி இரவு 9.05க்குத்தான் 101 முறை அடிக்கிறது. அந்த மணிக்கு அப்போதுதான் ஒன்பது.

விடியலில் பாடும் மரபு தமிழருக்குப் புதிதல்ல என்று எவரேனும் எழுந்து சொல்வார். சொல்லட்டும், அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டிலேயே சான்று இருக்கிறது. ஹன்ட் கோபுரத்தில் தூரிகையோடு நின்ற ஆண்டுகளில், அதே நகரில் தமிழும் தெலுங்கும் கற்பித்துக்கொண்டிருந்தார் ஜி. யு. போப். 1886இல் அவரது திருக்குறள் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அடுத்து எடுத்துக்கொண்டது திருவாசகம். அந்நூல் 1900இல், போப்பின் எண்பது வயதில், ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்திலிருந்தே வெளிவந்தது. திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் அதில் அடக்கம். கிழக்கு முனையில் சிறுவர்கள் மாடி ஏறி லத்தீனில் பாட, அதே ஊரில் ஒரு முதியவர் இறைவனைத் துயிலெழுப்பும் பாட்டுகளுக்கு ஆங்கிலச் சொல் தேடியிருக்கிறார். அவர் ஏப்ரல் 24 பிறந்தவர். எண்பது நிறைந்து ஒரு வாரத்தில் அந்த ஆண்டின் மே முதல் நாள் வந்தது. 1908இல் மறைந்த போப்பின் கல்லறை வால்டன் ஸ்ட்ரீட் பக்கம் செயின்ட் செபல்கர்ஸ் இடுகாட்டில் இருக்கிறது. தமிழ்ச் சுற்றுலாக்காரர்கள் பூ வைத்துவிட்டு வருவார்கள். அங்கே குனிய வேண்டும். எனவே அது இந்நூலின் எல்லைக்குப் புறம்பு.

கழுத்துகளின் சொந்தக்காரர்கள் இரு வகையினர். உறங்கி எழுந்தவர், உறங்கவே செல்லாதவர். முதல் வகை ஊர்க்காரர்: குழந்தையைத் தோளில் வைத்து, குடுவையில் தேநீரோடு வந்தவர்கள். இரண்டாம் வகை மாணவர்: இரவெல்லாம் விருந்தில் ஆடி, கறுப்பு அங்கியும் கசங்கிய பட்டுமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். இருவரும் உரசாமல் நிற்பது சாதாரணச் செய்தி அல்ல. 1355 பிப்ரவரி 10 அன்று, இதே ஹை ஸ்ட்ரீட்டின் மேற்கு முனையில் கார்ஃபாக்ஸ் நாற்சந்தியில் இருந்த ஒரு மதுக்கடையில், ஒயின் நன்றாக இல்லை என்று மாணவர் இருவர் குறை சொன்னார்கள். வாய்ச்சண்டை வில் அம்பாகி, பல்கலைக்கழகத்தார் 63 பேர் மாண்டதாகக் கணக்கு. ஊர்த்தரப்பிலும் பலர். அதற்குத் தண்டமாக மேயரும் நகரத்தாருமாக 63 பேர் ஆண்டுதோறும் தலைக்கு ஒரு பென்னி கட்டி வந்தார்கள். அது நின்றது 1825இல். முறையான சமாதானத்துக்கு 1955 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அறுநூறு ஆண்டு! அண்ணாந்து நிற்பவன் பக்கத்தில் நிற்பவனை முறைக்க முடியாது என்ற எளிய உடற்கூற்று உண்மையை இரு தரப்பும் முன்பே கண்டுபிடித்திருந்தால் எத்தனையோ பென்னி மிஞ்சியிருக்கும்.

எதிர்நிலை ஆராய்ச்சியும் உண்டு. மாணவரில் சிலர், மேலே பார்த்தது போதும் என்று பாலத்துக் கைப்பிடியில் ஏறி சார்வெல் ஆற்றில் குதித்தார்கள். 2005இல் ஆற்றில் நீர் மூன்றடி அளவுக்கே கிடந்தது. அதைக் குனிந்து பார்க்கத் தவறியவர்கள் கணுக்காலும் முதுகுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். அதன்பின் சில ஆண்டுகள் பாலத்தையே அடைத்து வைத்தார்கள். மரபு என்ற பெயரில் இதற்கும் வக்காலத்து வாங்குவோர் உள்ளனர். அவர்களுக்கு இந்நூலில் இடமில்லை.

கழுத்து இறங்கியதும் கால் தொடங்குகிறது. மாரிஸ் ஆட்டக்காரர்கள் வெள்ளை உடை, பூச்சூடிய தொப்பி, முழங்காலுக்குக் கீழே தோல்பட்டையில் வரிசையாகச் சலங்கை. கையில் கைக்குட்டையோ கழியோ. பார்த்தவுடன் பழமை என்று தோன்றும். ஆனால் இந்த ஆட்டம் பிழைத்துக் கிடந்ததே ஒரு குளிர்காலத் தற்செயலால். 1899 டிசம்பர் 26 அன்று, நகருக்குக் கிழக்கே ஹெடிங்டனில், சிசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் தம் மாமியார் வீட்டு சன்னலிலிருந்து ஒரு குழு பனியில் ஆடுவதைக் கண்டார். கான்சர்டினா வாசித்தவர் வில்லியம் கிம்பர், கொத்தனார். உறைபனியில் கட்டட வேலை நின்றுபோனதால் நாலு காசு பார்க்க வந்திருந்தார்கள்; பருவம் தப்பி ஆடுவதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள். ஷார்ப் கிம்பரை மறுநாளும் அழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். 1911இல் ஷார்ப் தொடங்கிய நாட்டார் ஆட்டக் கழகத்துக்கு வித்து அந்த இரண்டு நாள். நூலகம் நிறைந்த ஊரின் பேராசிரியர்கள் கண்ணில் படாத கலையை, விருந்துக்கு வந்த மருமகப்பிள்ளை கண்டெடுத்தார்.

2020ஆம் ஆண்டு இந்த ஆராய்ச்சிக்குப் பெரும் இடையூறு. பெருந்தொற்றால் கோபுரத்தில் யாரும் ஏறவில்லை. பாடகர்கள் தத்தம் வீட்டிலிருந்து பாடியதை இணைத்து ஒளிபரப்பினார்கள். கேட்டவர்கள் அனைவரும் கைபேசியை நோக்கித் தலை கவிழ்ந்திருந்தார்கள். பாட்டு அதே பாட்டு, சொல்லும் இசையும் முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டன. அதை மே காலை என்று ஒப்புக்கொள்ளத்தான் ஊரில் ஆளில்லை. நூற்பாவின் இரு பாதியும் பொய்த்த ஆண்டாகையால், அதைப் பாட வேறுபாடு என்று ஒதுக்குவதே முறை.

இறுதியாக ஒரு புறனடை. ஆட்டக்காரர்களோடு ‘பச்சை ஜாக்’ ஒருவர் வருவார். ஆள் உயரத்துக்கு மேலான கூம்புச் சட்டத்தை இலை தழையால் மூடி, அதற்குள் ஒருவர் நடப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் புகைக்கூண்டு துடைப்போர் மே நாளில் கட்டிய வேடம். உள்ளே இருப்பவருக்கு இலை இடுக்கு வழியாகத் தெரிவது எதிரே நாலடி நடைபாதைதான். கோபுரத்தை நோக்கி அண்ணாக்க முயன்றால் சட்டம் சாய்ந்து முழு மரமும் ஊர்க்காரர் மேல் விழும். ஆகவே அவருக்கு விதிவிலக்கு அளிக்கப்படுகிறது. அவருக்கு வழிகாட்டிப் போகிறவருக்கு விலக்கு உண்டா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. மே முதல் நாள் அங்கே பெரும்பாலும் விடுமுறை இல்லையாதலால், வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் ஒன்பது மணிக்கு மேல் அந்த விவாதத்தைத் தொடர்வதில்லை.