அனுமதிப் பத்திரம் இல்லாமல் வந்த கப்டன்

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரத்தைப் பறிகொடுத்த 'ஆன்' என்கிற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல், புது மரம் வெட்டவும் போகிற போக்கில் கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டது. கப்டன் பெயர் ரொபர்ட் நொக்ஸ். கூட வந்த 19 வயது மகன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். பிள்ளைக்குப் பெயர் தேடி அலைவது ஆங்கிலேயருக்குப் பழக்கமில்லை.

கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு ஒரு வழக்கம். துறைக்கு வருகிறவன் முதலில் கடிதம் அனுப்ப வேண்டும், கூடவே காணிக்கை. நொக்ஸ் இரண்டையும் அனுப்பவில்லை. அதாவது, லைசன்ஸ் எடுக்காமல் கடை திறந்துவிட்டார். 1660இல் அரசனின் மாகாண அதிகாரியான திசாவை ஆட்களோடு வந்து இறங்கினார். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் வைத்துக் கப்டனை அமுக்கினார்கள். மகனைக் கப்பலுக்குச் சேதி சொல்ல அனுப்பினார்கள். அவன் போனான், சொன்னான், திரும்பி வந்து தானும் அகப்பட்டுக்கொண்டான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்காம். ஓட வழியிருந்தும் ஓடாத இந்தப் பையனுக்கு நம்மூர் அம்மாமார் கோயிலே கட்டியிருக்க வேண்டும். கிடைத்தது 1893இல் நட்ட ஒரு கல். அதிலும் எழுதியிருப்பது கப்டன் என்றே.

இராஜசிங்கன் வெள்ளைக்காரர்களைச் சேர்த்து வைக்கிற ஆள். ஒல்லாந்தர், போர்த்துக்கேயர், பிறகு பிரெஞ்சுக்காரர் என்று ஒவ்வொரு தினுசிலும் வைத்திருந்தார். சிறையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர்களுக்குப் பிரித்து விடுவார், ஊரார் சோறு போட வேண்டும். அப்பா 1661இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் தொப்பி பின்னி விற்றான், பன்றி வளர்த்தான், கிராமத்தானுக்கு நெல்லை நூற்றுக்கு ஐம்பது வட்டிக்குக் கொடுத்தான். கைதி வட்டிக்கடை நடத்திய நாடு இது. இப்படி வசதியாக 19 வருடம் போயிற்று.

ஆனாலும் மகன் நொக்ஸுக்குத் தப்பியோடும் எண்ணம் விடவில்லை. ஸ்டீவன் ரட்லண்ட் என்கிற கூட்டாளியோடு சாமான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வியாபாரம் என்ற பேரில் வடக்கே வழி பார்க்கப் போவார். அங்கேதான் தண்ணீர்ப் பிரச்சினை. வறட்சிக் காலத்தில் மாடுகள் படுத்துப் புரண்ட குட்டைதான் குடிநீர். குடித்தால் சேறு தாடியில் தொங்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். காய்ச்சல் விடாமல் அடித்தது. கடைசியில் ஊர்க்காரர் மருந்து சொன்னார்கள்: காய்ந்த கஞ்சா இலையை இடித்துக் கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில். தலை சுற்றும், மற்றபடி வாந்தியோ பேதியோ கிடையாது. அதன் பிறகு நோயே வரவில்லையாம். சேறு அப்படியேதான் இருந்திருக்கும். இவர்தான் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1681இல் லண்டனில் நொக்ஸின் புத்தகம் வந்தது. முன்னுரை ரொபர்ட் ஹூக். ஆம், ஸ்பிரிங்கை இழுத்து விதி எழுதிய, பள்ளிக்கூடத்தில் நம்மை அழவைத்த அதே ஹூக். 1689இல் இருவரும் கோப்பிக் கடையில் சந்தித்துப் பேசுகிறார்கள். நொக்ஸ் கஞ்சா இலையும் விதையும் கொடுக்கிறார். டிசம்பர் 18ஆம் திகதி ஹூக் அதை ரோயல் சொசைட்டிக்குக் கொண்டுபோய் விரிவுரை செய்கிறார். அளவு: ஒரு சுங்கான் நிறையும் தூள். விளைவு: ஆள் பாடுவான், ஆடுவான், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பேசுவான், பிறகு நன்றாகத் தூங்கி எழும்பி அகோரப் பசியோடு உட்காருவான். பயப்பட ஏதுமில்லை, சிரிப்புத்தான் வரலாம் என்று சபைக்கு ஆறுதல் வேறு. இதையெல்லாம் தனக்குத் தந்த நண்பர் பலமுறை சொந்த உடம்பில் பரீட்சித்துப் பார்த்ததாகவும் சொன்னார். எந்த நண்பர் என்று சபையில் யாரும் கேட்டிருக்கத் தேவையில்லை.

ஒரே குறை, அன்றைக்குக் காட்டிய சரக்கு பழசு. சத்துப் போய்விட்டது, ஒன்றும் செய்யவில்லை. ஆகவே விதையை வசந்தத்தில் லண்டனிலேயே நட்டுப் பார்க்கப் போவதாக ஹூக் அறிவித்தார். வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா வளர்ப்பது பற்றிப் படித்த மனிதர்கள் கூடிப் பேசினார்கள், ஒருவரும் பொலிஸைக் கூப்பிடவில்லை.

கூப்பிடுகிற காலம் அதே ஆங்கிலேயர் இங்கே ஆண்டபோது வந்தது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் முற்றத்தில் ஒரு செடி நின்றாலும் குற்றம். மூதூர் பிரதேச சபை கடைக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கலாம், தெருவிளக்குப் போடலாம், குப்பை அள்ளலாம். இந்த விடயத்தில் வாய் திறக்க அதிகாரமில்லை. 1961இன் ஆயுர்வேதச் சட்டம் மட்டும் வைத்தியர்களுக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தது. நொக்ஸ் தின்ற மருந்தின் ஒன்றுவிட்ட தம்பியான மதன மோதகம் என்கிற ஆயுர்வேத மருந்து அந்தக் கதவால்தான் வருகிறது.

அந்த வைத்தியர்களுக்கு இலை எங்கிருந்து? பொலிஸ் பிடித்து, வழக்கு முடிந்து, நீதிமன்றம் விடுவித்த பிறகு. நம் வழக்குகள் முடிகிற வேகம் தெரியும்தானே. வந்துசேரும் கஞ்சா நாலைந்து வருடப் பழசு, வீரியமே இல்லை என்று சுகாதார அமைச்சராக இருந்தபோது ராஜித சேனாரத்ன முறையிட்டார். இங்கிரியவில் 100 ஏக்கரில் அரசாங்கமே பயிரிடலாம் என்றார். ஹூக்கின் அதே நோய், அதே மருந்து. இன்னொரு பக்கம் மொனராகலைச் சேனைகளில் செழித்து நிற்கும் புதுச் செடியை விசேட அதிரடிப்படை பிடுங்கி எரித்துக்கொண்டிருந்தது. பழசைத் தேடி ஒரு திணைக்களம், புதுசை எரிக்க ஒரு படை.

2025இல் மீரிகமவில் 64 ஏக்கர், 7 வெளிநாட்டு முதலீட்டாளர், அத்தனையும் ஏற்றுமதிக்கு என்றார்கள். ஆளுக்கு 50 இலட்சம் டொலர் முதலீடு, மத்திய வங்கியில் 20 இலட்சம் டொலர் வைப்பு. கடிதம், காணிக்கை எல்லாம் ஒழுங்காக முன்கூட்டியே. இராஜசிங்கன் இருந்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

உள்ளூர்க்காரனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, விசா வேண்டும். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல், ஒன்ராறியோவில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஆனால் கஞ்சாக் கடை வேண்டாமென்று சொல்லும் உரிமையை மாகாணம் நகரங்களுக்குக் கொடுத்தது. நம் சனம் நிறைந்த மார்க்கம் நகரசபை வேண்டாமென்று கைதூக்கியது. அதனால் திருகோணமலையிலிருந்து போன தம்பி மார்க்கத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு சட்டியில் சட்டப்படி வளர்க்கிறான். விளையாத வருடம் ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி, கடையுள்ள ஸ்காபரோவில் வாங்கிக்கொள்கிறான். ஊரிலிருந்து பேரப்பிள்ளை பார்க்கப் போன அம்மா, கத்தரிக்கு ஊற்றும்போது அதற்கும் சேர்த்து ஊற்றிவிட்டு, "இதென்னடா தம்பி, காய்க்கவே மாட்டேனென்குது" என்கிறாள்.