நிலைப்படிய ஒசத்து, தாயி!

தலையில இறகு வைக்கணும்னு ஆசைப்பட்டியாம்ல, தாயி. தாராளமா வையி, நான் எதுக்குத் தடுக்கப் போறேன்? ஆனா மொதல்ல வீட்டு நிலைப்படிய ஒசத்திப்புடு.

பிரான்சு ராணி மரி அந்துவானெத் கொண்டைக்கு மேல இறகக் குத்திக்கிட்ட ஒசரத்தக் கேள்விப்பட்டு, 1775-ல பெத்த தாயே வியன்னாவுல இருந்து கண்டிச்சுக் காயிதம் போட்டா. அவளும் மகாராணிதான். மக கேட்டாளா? எந்த மக கேட்டிருக்கா! சீமாட்டிக எல்லாம் குதிரை வண்டிக்குள்ள உக்கார முடியாம மண்டி போட்டுப் போனாகளாம்.

சரி, எந்த இறகு வாங்கப் போற? வெள்ளைக் கொக்கோடதா? அந்தப் பொசுபொசு இறகு, கொக்கு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலத்துலதான் நல்லா வளரும். அதனால அந்தக் காலத்துல கூட்டுலயே வச்சுச் சுட்டுப்புடுவாக. குஞ்சு பட்டினி கெடந்து சாகும். 1900 வாக்குல அது எடைக்கு எடை தங்கத்தையே தோக்கடிச்ச சரக்கு. அதுக்கும் முன்னாடி, 1886-ல சாப்மன்னு ஒரு பறவை ஆராய்ச்சிக்காரர் நியூயார்க் வீதியில ரெண்டு தடவை நடந்து 700 தொப்பிய எண்ணுனாரு. 542-ல பறவையோ இறகோ இருந்துச்சு. காட்டுல பாக்க வேண்டியத மனுசன் கடைவீதியிலயே பாத்து முடிச்சுட்டாரு!

பெரிய மனுசன் செஞ்சா நாமளும் செய்யணும்ல? 1901-ல இங்கிலாந்து இளவரசர், பின்னாடி ஐந்தாம் ஜார்ஜ் ஆனவரு, நியூசிலாந்துக்குப் போய் ஹூயாங்கிற பறவையோட வால் இறகத் தொப்பியில வச்சுக்கிட்டாரு. ஊரே அதுக்கு அலைஞ்சுச்சு. ஏற்கெனவே காடு அழிஞ்சு தவிச்ச பறவை அது. 1907-க்குப் பொறவு அதப் பாத்ததுக்கு உறுதியான சாட்சி இல்ல.

அந்த இறகுக் கூத்த நிறுத்துனதும் பொம்பளைகதான். 1896-ல பாஸ்டன்ல ஹாரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் பணக்காரப் பொம்பளைகளத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, பேசிப் பேசியே இறக விட வச்சாக. புருசன் சொல்லி ஏறாத புத்தி, பக்கத்து வீட்டுக்காரி சொன்னா ஏறும். அப்புறம் 1918-ல அமெரிக்காவுல பறவையக் காக்கச் சட்டமும் வந்துச்சு.

வச்சே தீருவேன்னா தீக்கோழி இறகு வாங்கு. கத்தரிச்சா மறுபடி மொளைக்கும். தென்னாப்பிரிக்காவுல அவுட்ஸ்ஹூர்ன்ங்கிற ஊர்ல அத வித்தே மாளிகை கட்டுனாக. மோட்டார் காரு வந்துச்சு, காத்துல பெரிய தொப்பி நிக்கல. 1914-ல உலகச் சண்டையும் வந்துச்சு. மாளிகை கட்டுன மொதலாளி மொட்டையானான்.

அதனால வாங்கு தாயி, கடனுக்கு மட்டும் வாங்காத. பேசன் பறந்துரும், தவணை பறக்காது.