தோசைக்கல்லும் ஸ்டெதாஸ்கோப்பும்

கேள்வி: எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. மனைவி திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வீட்டை எங்கே பார்ப்பது? இன்னும் எத்தனை நாள் நானே தோசை சுடுவது?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: திருவள்ளூரிலேயே பாருங்கள், தம்பி. 2022 ஜனவரியில் அந்தக் கல்லூரி திறந்ததால்தான் மாவட்டத்துக்குள்ளேயே அவருக்கு அரசு இடம் வாய்த்தது. இரண்டு ஊருக்கும் ரயில் பாதை வேறு வேறு. பேசின்பிரிட்ஜ் வரை போய் மாறி வரவேண்டும். நடுவில் பெரியபாளையத்தில் வீடெடுத்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உங்கள் ஷிஃப்ட் சங்கு ஊதினால் முடியும். பயிற்சி மருத்துவரின் இரவுப் பணிக்குச் சங்கே கிடையாது. அலைச்சல் உங்களுடையதாக இருக்கட்டும். கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று மட்டும் முதலில் விசாரியுங்கள்.

படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு. உதவித்தொகை அந்தக் கடைசி ஆண்டில்தான் கைக்கு வரும். அதுவரை புதுக் கடன் வேண்டாம். உங்கள் ஷிஃப்ட் சார்ட்டையும் அவருடைய பரீட்சை அட்டவணையையும் சமையலறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

தோசையை விடாதீர்கள். பரீட்சைக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு வரும் முறுகல் தோசைக்கு நிகரான துணைநூல் இல்லை. சட்னியில் மட்டும் காரத்தைக் குறையுங்கள். அவர் கொஞ்சம் தூங்கவும் வேண்டும்.