முகூர்த்தப் பெரியப்பா

சிதம்பரம் பக்கம் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியப்பா வந்து உட்கார்ந்துவிடுவார். பையன் பிறந்தது 6.12-க்கா, 6.14-க்கா என்பதற்காகப் பிரசவம் பார்த்த நர்ஸைத் தேடிப் போகவும் தயங்காதவர். கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம் என்று முடிவாகி, வயதுச் சான்றும் 'இதுதான் முதல் திருமணம்' என்ற சான்றும் கேட்டால் மட்டும், "தாலி கட்டறதுக்கு வி.ஏ.ஓ. எதுக்குய்யா?" என்று கொதிப்பார். நல்ல முகூர்த்த நாளில் நூறு ஜோடிக்கு மேல் மாலை மாற்றும் இடம் அது. யார் யாருக்குக் கட்டினார்கள் என்பதைப் பெருமாள் ஒருவரே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம்.

இவரைச் சோம்பேறி என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். உழைப்புக்குக் குறைவில்லை, துல்லியம்தான் கிரகங்களோடு நின்றுவிடுகிறது. ஜாதகப்படி பையன் ஐப்பசியில் பிறந்தவன். டி.சி.யில் அதே பையன் அதே வருஷம் மே மாதமே பிறந்துவிட்டான். ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வயது பற்றாததால், ஹெட்மாஸ்டரிடம் பேசி அவனை முன்கூட்டியே பிறக்கவைத்தவரும் இந்தப் பெரியப்பாதான். இரண்டு நிமிஷத்துக்கு ஊரைக் கூட்டியவர் இந்த ஐந்து மாதத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 ஆகிவிட்டதா என்று சட்டம் பார்ப்பது சான்றிதழில், லக்னத்தில் அல்ல.

"எங்க காலத்துல யாரு பதிவு பண்ணினா? அந்தக் கல்யாணமெல்லாம் செல்லாதா?" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். கேள்வி நியாயமானதே. பதிவு செய்யாததாலேயே திருமணம் செல்லாமல் போகாது என்று இந்து திருமணச் சட்டமே சொல்கிறது. ஆனால் நடந்தது வேறு, நடந்ததைக் காட்டுவது வேறு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பதிவைக் கட்டாயமாக்கி, 90 நாள் அவகாசம் தந்து, கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் பொறுத்துக்கொள்கிறது. ஆனியில் கல்யாணம் என்றால், ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது என்று பதிவுக்கும் நாள் பார்த்தே அத்தனையையும் தீர்த்துவிடுவார்.

சட்டத்தில் குறையே இல்லையா? உண்டு. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் 30 நாள் நோட்டீஸ், வீட்டை எதிர்த்துக் காதலிப்பவர்களுக்கு உண்மையிலேயே முட்டுக்கட்டை. அவர்கள் புலம்பினால் அர்த்தமுண்டு. பெரியப்பாவோ சார்பதிவாளர் அலுவலகத்தில் ஊன்றிப் படிக்கும் ஒரே காகிதம் அந்த நோட்டீஸ்தான். பெண் யார் வீடு என்று தெரிய வேண்டுமே!