லென்ஸ் அங்கிள்

பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவராக இவர் இருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர், லிஃப்டில் பார்த்தால் குட்மார்னிங் சொல்லும் நல்ல மனுஷன். வெள்ளி இரவு சாப்பாடு முடிந்ததும் ஆள் மாறிவிடுவார். பாட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் உட்காரும். காட்டுப்பச்சை நிறக் கால்சட்டை கொடியிலிருந்து இறங்கும். அதற்கு எட்டுப் பைகள். கார் சாவி எந்தப் பையில் என்பதுதான் சனிக்கிழமை விடியலில் நடக்கும் முதல் தேடல். பறவை தேடுவது அதற்குப் பிறகுதான். குடியிருப்புக் குழந்தைகள் வைத்த பெயர், லென்ஸ் அங்கிள்.

லென்ஸ் என்றால் 150-600 மில்லிமீட்டர் ஜூம், எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. கல்யாணச் சீரில் போகும் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி, துணி சுற்றி மனைவியின் மடியில் அது பயணம் செய்யும். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் “பாத்து, பாத்து” என்பார். அது மனைவிக்குச் சொன்னதல்ல. இதைவிட ஒசத்தியான 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கிறது, விலை பத்து லட்சத்தைத் தாண்டும். அதை அவர் வாங்கவில்லை. ஆனால் அது இல்லாததால்தான் தன் படங்கள் இப்படி இருக்கின்றன என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

படாளம் கூட்ரோட்டில் திரும்பும்போது மனைவி டீ கேட்பார். “கோல்டன் அவர் போயிடும்மா” என்று பதில் வரும். வேடந்தாங்கலில் இறங்கியதும் காவலர் சொல்லும் வாக்கியம் எந்த வருஷமும் மாறுவதில்லை: “நேத்து வந்திருக்கணும் சார்!”

ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்கள் வெளுத்துக் கிடக்கும். நத்தைகுத்தி நாரை குச்சி கொண்டுவரும், கூழைக்கடா குஞ்சுகள் கத்தும், கரண்டிவாயன் தண்ணீரில் அலகை இப்படியும் அப்படியும் அலசும். இதையெல்லாம் கரையில் உட்கார்ந்து பார்ப்பவர் மனைவி. “என்னங்க, அங்க பாருங்களேன், அரிவாள்மூக்கன் கூட்டமா இறங்குது!” இவர் பார்க்கமாட்டார். இவர் கண் ஒரு சின்னச் சதுரத்துக்குள் இருக்கிறது. அந்தச் சதுரத்துக்குள் ஒரு நீர்க்காகம் அரை மணியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அது இறக்கை விரிக்கும் என்று காத்திருக்கிறார். கடைசியில் விரிக்கிறது. நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமரா படபடவென்று சுடுகிறது. அத்தனை படத்திலும் நீர்க்காகத்துக்கு முன்னால் இருந்த குச்சி துல்லியமாக விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் தெரிகிறது.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் நொந்துபோவான். இவர் போகமாட்டார், ஏனென்றால் இவர்கள் கூட்டத்தில் எல்லாச் சறுக்கலுக்கும் ஒரு பட்டம் உண்டு. படம் மங்கலா? “ரெக்கார்ட் ஷாட்.” பறவை கடுகளவுதான் தெரிகிறதா? “ஹேபிடாட் ஷாட்.” வெளிச்சம் பின்னால் இருந்ததால் கன்னங்கரேல் என்று வந்துவிட்டதா? “சில்லவுட்.” பறவையே இல்லாத படத்துக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை, வைத்துவிடுவார்கள்.

பக்கத்தில் ஒரு குழந்தை சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் “ஷ்ஷ்!” என்று சீறுவார். அமைதியைப் பற்றி அந்த ஊருக்கே பாடம் எடுக்கலாம் என்று நினைப்பு. அந்த ஊர்க்காரர்களோ பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுடுகிறார்கள் என்று அவர்கள் முறையிட்டுத்தான் 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதிக்கொடுத்தார். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் காத்த அமைதிக்கு லைக் விழவில்லை, நெல் விளைந்தது.

பேச்சு வந்தால் மா. கிருஷ்ணன்தான் தன் குரு என்பார். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிய கிருஷ்ணன், பல உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டவைத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் சூட்டி, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். குருவின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ அங்கிள் வீட்டில் இருக்கிறது. புத்தகக் காட்சியில் வாங்கி, பக்கத்தில் லென்ஸை நிற்கவைத்து அதையும் ஒரு படம் எடுத்தார். இன்னும் பிரிக்கவில்லை.

ஞாயிறு முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் போகும். இரவு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை இறங்கும், ஓரத்தில் அதன் கழுத்தைவிட நீளமாக இவர் பெயர். மூன்றாவது மாடியிலிருந்து உடனே பாராட்டு வரும்: “கொக்கு சூப்பர் சார்!” அந்த இரவு இவருக்குத் தூக்கம் வராது.

ஆனாலும் இவரை எனக்குப் பிடிக்கும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுக் குஞ்சைப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துச் சிரிக்க எனக்கு வராது. நம் அங்கிள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, மனைவியைத் தவிர.

போன குளிர்காலத்தில் இவர் வேடந்தாங்கல் போயிருந்த ஒரு காலையில், குடியிருப்பின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சருகைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பறவையைச் செக்யூரிட்டி அண்ணன் பார்த்திருக்கிறார். “முதுகு பச்சை சார், அடிவயிறு சேப்பு, வால் கொஞ்சூண்டு. ஆறு மணிக்குக் கரெக்டா கத்திச்சு.” ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரம்வரை போய்க் கூடு கட்டிவிட்டு, குளிருக்குத் தெற்கே வரும் அழகி. நாலு வருஷமாக இவர் ஊர் ஊராகத் தேடுவது. “போட்டோ எடுத்தீங்களா?” என்று பதறினார். “எதுக்கு சார்? பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார் அண்ணன்.

2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும். காக்கையும் மைனாவும்கூடச் சேர்த்தி. படம் தேவையில்லை என்பதால் அங்கிள் அதில் சேர்வதில்லை. நீங்கள் சேருங்கள், மொட்டைமாடியே போதும். பைனாகுலர் வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள். வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே புதுசாக இருக்கிறது.